இரண்டாம் தரம் வந்த தூதன்

(சிதம்பரத்தில் நடைபெற்ற மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், கடலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய விருப்பத்தின்படி பெயர் வெளியிடப்படவில்லை. - ஆசிரியர்)



இந்தக் கூடுகையில் பேச வேண்டும் என்று டாக்டர் அம்மா கேட்டபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசியவள்தான். ஆனாலும் ஒலிபெருக்கியைக் கண்டால் இப்போது எனக்குக் கொஞ்சம் பயம். அந்தப் பயத்தின் காரணத்தைச் சொல்லுவதே இன்றைக்கு என் சாட்சி.

பணி ஓய்வு பெற்ற மறு வருஷம் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு ஊசி மருந்து, அதன் பிறகு கதிர்வீச்சு. தலைமுடி முழுவதும் உதிர்ந்தது. வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்காத நாட்கள் உண்டு. எங்கள் சபை எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தது. பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் முறை வைத்துக்கொண்டு வந்து சமைத்துக் கொடுத்தார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டில் செருப்பு வைக்க இடமில்லாமல் ஜனங்கள் வந்து போனார்கள். சிகிச்சை முடிந்து, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அந்த வருஷக் கடைசி நாளில், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில், போதகர் ஐயா என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். அப்போதுதான் முளைத்திருந்த குட்டை முடியோடு நின்றேன். கர்த்தர் என்னை முழுவதுமாகக் குணமாக்கினார், இனி இந்த நோய் என்னைத் தொடாது என்று சொன்னேன். சபை முழுவதும் ஆமென் என்றது. நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அதை முழு மனதோடு நம்பினேன்.

இரண்டு வருஷமும் சில மாதங்களும் கழித்து முதுகு வலித்தது. தண்ணீர்க் குடம் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். வலி இரவில் அதிகமானது. படுத்தால் வலி, திரும்பினால் வலி. ஸ்கேன் எடுத்தார்கள். நோய் முதுகெலும்புக்கு வந்திருந்தது.

முதல் முறை செய்தி கேட்டபோது நான் அழுதேன். இரண்டாம் முறை அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வீடு வரும் வரை ஒரே ஒரு காரியத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் சொன்ன சாட்சி என்னவாயிற்று? சபைக்கு முன்னால் கர்த்தரைப் பொய்யராக்கிவிட்டேனே! சாவைவிட அந்த வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது. அடுத்த ஞாயிறு முதல் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அமைதியான வீடு

பிரியமானவர்களே, என் சபையைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. எந்த ஊரிலும் எந்தச் சபையிலும் இது நடக்கிறது. முதல் முறை நோய் வந்தால் ஜனங்கள் ஓடி வருகிறார்கள். அதே நோய் திரும்பி வந்தால் வருவதில்லை. அன்பு இல்லாததினால் அல்ல, சொல்ல வார்த்தை இல்லாததினால். முதல் முறை எல்லாரும், கர்த்தர் சுகம் தருவார், தைரியமாய் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை எதைச் சொல்லுவது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கித் திரும்பிவிடுகிறார்கள்.

வந்த சிலரும் கேள்வியோடு வந்தார்கள். மறைத்து வைத்த பாவம் ஏதாவது உண்டா டீச்சர் என்று ஒருவர் கேட்டார். விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் இன்னொருவர். மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்புங்கள் என்று ஒருவர் புத்தி சொன்னார். அவர்கள் எல்லாரும் என் நன்மையை விரும்பியவர்கள்தான். ஆனால் அவர்கள் போன பிறகு என் வலி அதிகமாகவே இருந்தது.

தவறாமல் வந்தது எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான். அவர்கள் நம் ஆலயத்துக்கு வருகிறவர்கள் அல்ல. காலையில் ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, சூடா இருக்கும்போதே குடிச்சிடுங்க டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இரவெல்லாம் காத்திருந்த நாட்கள் உண்டு.

சூரைச்செடியின் கீழே

அப்படி இருக்கும்போது நம் மருத்துவமனையிலிருந்து வீடுகளைச் சந்திக்கும் நர்ஸ் அம்மா ஒரு நாள் வந்தார்கள். பிரசங்கம் செய்வார்கள் என்று நினைத்து நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள் என்பது. மூன்று வாரம் ஆயிற்று என்றேன். வலி எங்கே, எந்த நேரத்தில், பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். காலில் மரத்துப்போன உணர்வு உண்டா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்றும் கேட்டார்கள். அவர்கள் அதைக் கேட்டதன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குக் கால் பலவீனமானாலும் சிறுநீர் கட்டினாலும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் நடமாட்டத்தைக் காப்பாற்றலாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தால் படுக்கைதான்.

மறுநாள் டாக்டரிடம் பேசி, வலி மாத்திரையை மாற்றிக் கொண்டுவந்தார்கள். அன்று இரவு நான் ஏழு மணி நேரம் தூங்கினேன். அதற்கடுத்த முறை வந்தபோதுதான் வேதத்தைத் திறந்தார்கள். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். எத்தனையோ முறை ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதை.

எலியா கர்மேல் மலையில் ஜெபித்தார், வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அவ்வளவு பெரிய சாட்சி! அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே அவர் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். ஜெபம் கேட்கப்பட்ட மனுஷன்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. ஒரு தூதனை அனுப்புகிறார். தூதன் அவரைத் தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்லுகிறான். தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளுகிறார்.

நர்ஸ் அம்மா அந்த இடத்தில் நிறுத்தினார்கள். டீச்சர், இத்தனை வருஷம் நீங்கள் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள், தூதன் எத்தனை முறை வந்தான் என்று கேட்டார்கள். நான் யோசித்தேன். இரண்டு முறை! தூதன் இரண்டாம் தரமும் வந்து தொடுகிறான். மறுபடியும் உணவு தருகிறான். போகவேண்டிய தூரம் உன் பெலத்துக்கு மிஞ்சியது, ஆகையால் சாப்பிடு என்கிறான். தூரம் குறைந்துவிட்டது என்று அவன் சொல்லவில்லை. எதிரி செத்துப்போனாள் என்றும் சொல்லவில்லை. நடப்பதற்கு வேண்டிய பெலத்தைக் கொடுத்தான். அந்த பெலத்தினால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கஞ்சியோடு வந்த எதிர்வீட்டு அக்கா, மாத்திரையோடு வந்த நர்ஸ் அம்மா, இவர்கள் யார் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. முதல் முறை என்னைச் சந்தித்த தேவன் இரண்டாம் முறையும் வந்திருந்தார். நான்தான் அவரை வேறு உருவத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

நோய் ஏன் திரும்புகிறது?

இதை நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் எனக்கு விளக்கியதை, பள்ளிக்கூடத்தில் சொல்லுவது போல உங்களுக்குச் சொல்லுகிறேன்.

புற்றுநோய் என்பது கட்டுக்கு அடங்காமல் பெருகும் அணுக்கள். அறுவையும் மருந்தும் கதிர்வீச்சும் அவற்றைப் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. சிலருக்கு எல்லாமே அழிந்துபோகிறது. அவர்கள் முழுச் சுகம் பெற்று வாழுகிறார்கள், அப்படிப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். சிலருக்கோ எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சிறிய அணுக்கள் எங்கேயோ தங்கிவிடுகின்றன. அவை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்துக்கொள்ளுகின்றன. மார்பில் வந்த நோய் எலும்பில் தோன்றினாலும் அது எலும்புப் புற்றுநோய் அல்ல, மார்புப் புற்றுநோய்தான். அதனால் மார்பு நோய்க்கு உரிய மருந்துகளே அதற்கும் பயன்படுகின்றன.

ஆகவே நோய் திரும்பியது யாருடைய பாவத்தினாலும் அல்ல. முதல் சிகிச்சை வீண் என்பதும் அல்ல. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று கேட்டபோது, ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). அந்தக் கேள்வியை நாமும் நோயாளியின் கட்டிலருகே கேட்காமல் இருப்போமாக.

இன்னும் பணம் இருந்திருந்தால், இன்னும் பெரிய இடத்துக்குப் போயிருந்தால் என்ற வேதனையும் பல குடும்பங்களைத் தின்கிறது. என் வயதினருக்கு அறிஞர் அண்ணாவின் நோய் நினைவிருக்கும். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1968-ல் நியூயார்க் நகரத்துக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். நோயோ மறுபடியும் தலைதூக்கியது. 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார். நான் அப்போது சின்னப் பெண். எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீட்டு வாசலில் பெரியவர்கள் நின்று அழுததைப் பார்த்தேன். நாடே விரும்பிய மனிதருக்கும், உலகத்தின் சிறந்த மருத்துவம் கிடைத்தவருக்கும் அது திரும்பி வந்தது. ஆகையால், என்னால்தான் என் கணவருக்கு இப்படி ஆயிற்று, என்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று இங்கே யாராவது உள்ளத்தில் சுமந்துகொண்டிருந்தால், அந்தச் சுமையை இன்றைக்கு ஆண்டவருடைய பாதத்தில் இறக்கி வையுங்கள்.

திரும்பி வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மையல்ல. என் முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எலும்பு வலிக்குச் சிலருக்கு ஒரே ஒரு முறை கொடுப்பதே போதும், பாதி வலிக்கு மேல் குறைந்துவிடும். மாத்திரைகளை மாற்றினார்கள். நோய் போய்விடவில்லை, ஆனால் அடங்கியிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் சர்க்கரையோடு வாழுவது போல நான் இதனோடு இரண்டு வருஷமாக வாழுகிறேன். மார்பு நோயில் பலருக்கு ஹார்மோன் மாத்திரையை 5 வருஷம், சில சமயம் 10 வருஷம் சாப்பிடச் சொல்லுவார்கள். சுகமாகிவிட்டோம் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஜெபமும் மாத்திரையும் சண்டைக்காரர்கள் அல்ல. எசேக்கியாவின் கண்ணீரைக் கண்டு ஆயுசைக் கூட்டின கர்த்தர், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் கட்டவும் செய்தாரே (2 இராஜாக்கள் 20).

மார்பின் என்ற மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் பயம். போதை என்கிறார்கள், கடைசி நேர மருந்து என்கிறார்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழியாக மார்பின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியிருக்கிறது. நம் நாட்டில் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது ஆஸ்பத்திரிகளிலேயே கிடைப்பது அரிதாயிற்று. 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு வழி கொஞ்சம் திறந்தது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் வலிக்காகச் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்படத் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளுவதுதான் விசுவாசம் என்று எண்ணி எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். தூங்காத மனுஷனால் ஜெபிக்கக்கூட முடியாது. நான் அனுபவித்துச் சொல்லுகிறேன்.

என் சாட்சி பொய்யா?

அப்படியானால் அந்த நள்ளிரவில் நான் சொன்ன சாட்சி? இதற்கு எனக்குப் பதில் தந்தவர் பெத்தானியா ஊரின் லாசரு.

மரித்து நாலு நாளான லாசருவை ஆண்டவர் கல்லறையிலிருந்து எழுப்பினார். அந்த அற்புதத்தை நாம் யாவரும் அறிவோம். ஆனால் லாசரு இன்று நம்மோடு இல்லையே. அவரும் ஒரு நாள் மறுபடியும் நோயில் விழுந்து, அல்லது முதுமையில் தளர்ந்து, இரண்டாம் முறை மரித்திருக்கத்தான் வேண்டும். மார்த்தாளோ மரியாளோ உயிரோடு இருந்திருந்தால் இரண்டாம் முறையும் அழுதிருப்பார்கள். அதனால் முதல் அற்புதம் பொய்யாகிவிட்டதா? இல்லை. அவர் உயிரோடிருந்த ஒவ்வொரு நாளும் மெய்யான ஈவு. பஸ்காவுக்கு ஆறு நாளைக்கு முன் பெத்தானியாவில் விருந்து நடந்தபோது, பந்தியில் ஆண்டவரோடு இருந்தவர்களில் லாசருவும் ஒருவர் என்று யோவான் எழுதுகிறார். எழுந்தபின் லாசரு என்ன பேசினார் என்று வேதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஆண்டவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதே சொல்லப்பட்டிருக்கிறது.

எனக்கு நோய் அடங்கியிருந்த அந்த இரண்டு வருஷமும் அப்படிப்பட்ட பந்திதான். என் பேரனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். மருமகள் பிரசவத்துக்குத் துணை நின்றேன். கர்த்தர் எனக்குச் செய்தது மெய். இனி இந்த நோய் என்னைத் தொடாது என்று நான் சேர்த்துச் சொன்னதுதான் என் சொந்த வார்த்தை. அவர் அப்படி எனக்கு வாக்குக் கொடுக்கவே இல்லை. என் வார்த்தை பொய்த்தது, அவருடைய கிருபை பொய்க்கவில்லை. இதை உணர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த மூதாட்டி பாட்டுப் புத்தகத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள்.

நம்பிக்கை என்றால் என்ன?

என் அண்ணன் பண்ருட்டிக்கு அருகே பயிர் செய்கிறவர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் தாத்தா வைத்த பலா மரங்களும் முந்திரியும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. சுனாமியில் அடிபட்டு ஏழே வருஷம் ஆன மாவட்டம் இது. அதற்குப் பிறகும் 2015-ல் வெள்ளம் வந்தது. நம் மாவட்டத்துக்குத் துன்பம் திரும்பி வருவது புதிதல்ல. புயலுக்குப் பின் அண்ணன் மறுபடியும் பலாக் கன்று வைத்தார். அப்போதே அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. இது காய்க்கும்போது நீங்கள் இருப்பீர்களா என்று நான் கேட்டேன். யாராவது இருப்பாங்க இல்ல தங்கச்சி என்றார். இன்னொரு புயல் வராது என்று அவர் நினைக்கவில்லை. வரும் என்று தெரிந்தே வைத்தார்.

நம்பிக்கை என்பதை நான் இப்போது அப்படித்தான் புரிந்துகொள்ளுகிறேன். நோய் இல்லை என்று சாதிப்பது நம்பிக்கை அல்ல. சுகம் கேட்டு நான் இன்றும் ஜெபிக்கிறேன், கேட்காமல் விடமாட்டேன். பவுல் அப்போஸ்தலனும் தன் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுபடவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. அதே பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லுவோமா?

ஒரு வீட்டில் கண்டது

உடம்பு இடங்கொடுக்கும் நாட்களில் நானும் இப்போது நர்ஸ் அம்மாவோடு சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறேன். கிள்ளைக்கு அப்பால் ஒரு வீடு. குடும்பத் தலைவர் கூலி வேலை செய்தவர், புகையிலை போடும் பழக்கம் உள்ளவர். வாய்ப் புற்றுநோய். அறுவை செய்து ஒரு வருஷத்தில் கன்னத்தில் திரும்பிவிட்டது, புண்ணாக வெடித்துவிட்டது. நாங்கள் போனபோது அவர் பின்புறக் கொட்டகையில் தனியாகப் படுத்திருந்தார். நாற்றம் தாங்க முடியவில்லை. பத்து வயது மகள் வாசற்படியைத் தாண்டி வருவதில்லை. அவர் அதற்காக மகளைக் கோபிக்கவில்லை. கை ஜாடையால், வேண்டாம், வராதே என்றுதான் காட்டினார்.

நர்ஸ் அம்மா புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவினார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவிக் கட்டினார்கள். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை அது. எப்படிக் கட்டுவது என்று அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வலிக்கும் மருந்து தொடங்கினார்கள். ஐந்து நாள் கழித்து நாங்கள் மறுபடியும் போனோம். நாற்றம் பெரும்பாலும் போயிருந்தது. கட்டிலை முன் திண்ணைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை அப்பாவின் காலருகே உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் பிழைக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு மாதமும் அந்தப் பிள்ளைக்கு அப்பா இருந்தார். இதை அற்புதம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. முதல் நாளோடு நாங்கள் நிறுத்தியிருந்தால் அது நடந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

உங்களிடத்தில் ஒரு வேண்டுகோள்

நம்மைப் போன்ற ஆஸ்பத்திரிகள் எங்கிருந்து பிறந்தன என்று எண்ணிப் பாருங்கள். இங்கிருந்து அதிக தூரமில்லாத திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மருத்துவம் இல்லாமல் இறந்துபோனதைக் கண்ட ஐடா ஸ்கட்டர், படித்து டாக்டராகித் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கம் 31 வருஷம் கழித்து, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழும்பியது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண்மணி, 1948-ல் புற்றுநோயால் மரித்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற அகதியைப் பராமரித்தார். அவர் தம்மிடமிருந்த 500 பவுனை, நீங்கள் கட்டப்போகும் வீட்டுக்கு ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீடு 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லமாகத் திறக்கப்பட்டது. குணமாக்க முடியாதவர்களையும் கைவிடாமல் பராமரிக்கும் முறை உலகமெங்கும் பரவ அது வித்தாயிற்று. சாண்டர்ஸ் அம்மையாரும் 2005-ல் மார்புப் புற்றுநோயால், தாம் கட்டிய அதே இல்லத்தில்தான் கண்களை மூடினார்.

மூன்று ஆஸ்பத்திரிகள். மூன்றுமே காப்பாற்ற முடியாமற்போன நோயாளிகளிடமிருந்து பிறந்தவை. அந்த நோயாளிகளுக்காக ஏறெடுக்கப்பட்ட ஜெபங்கள் வீணாய்ப் போயின என்று நான் நம்பவில்லை.

உங்கள் காணிக்கை நம் மருத்துவமனையில் புதிய இயந்திரம் வாங்க மட்டும் அல்ல, இரண்டாம் முறை ஒரு வீட்டுக்குப் போவதற்கும் வேண்டும். நர்ஸ் அம்மாவின் பஸ் செலவு, கட்டுத்துணி, வலி மாத்திரை, கதிர்வீச்சுக்கு அழைத்துப்போகும் துணையாளின் ஒரு வேளைச் சாப்பாடு. சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசு ஊழியர்களும் வீடு தேடி வருகிறார்கள், அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனாலும் தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வண்டி ஏறுவதற்கு எந்த அட்டையும் பணம் தராது.

காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் சபையில், உங்கள் தெருவில், நோய் திரும்பி வந்த ஒருவர் இருப்பார். இந்த வாரம் போய்ப் பாருங்கள். என்ன பேசுவது என்று பயப்படாதீர்கள். காரணம் சொல்லாதீர்கள், வாக்குக் கொடுக்காதீர்கள், பாவத்தைத் தேடாதீர்கள். தூங்கினீர்களா என்று கேளுங்கள். கஞ்சி கொண்டுபோங்கள். கேட்டால் ஜெபியுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் போங்கள். அந்த இரண்டாம் முறைதான் முக்கியம்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடியும் ஸ்கேன் இருக்கிறது. என்ன வரும் என்று தெரியாது. நல்ல செய்தி வந்தால் தேவனைத் துதிப்பேன். வேறு செய்தி வந்தாலும் இந்த முறை ஆலயத்துக்குப் போவதை நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்கு முன்பாகச் சொல்லுகிறேன். இதை நான் என் பெலத்தில் சொல்லவில்லை. சூரைச்செடி வரைக்கும் தேடி வந்தவர் அதற்கு அப்பாலும் வருவார் என்று அறிந்திருக்கிறேன்.

நமக்கு நியமிக்கப்பட்ட தூரத்தை நடந்து முடிக்க, கர்த்தர்தாமே நம் ஒவ்வொருவருக்கும் பெலனும் கிருபையும் தருவாராக. ஆமென்.